அல்லது

பத்தே முக்கால். இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இந்த நாற்காலியில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், என்னைப் போய். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குப் பிடித்துப் பன்னிரண்டுக்கு விடும் என்று தெரியாதவளா நான், தெரிந்துதானே ஒன்பது மணிக்கே வீட்டை விட்டு இறங்கினேன், இறங்கி டவுன் ஹாலில் பஸ் மாறுகிற இடத்தில் அட்வான்ஸ் தட்டில் வைக்க இரண்டு முழம் பூ வாங்கலாம் என்று நின்றேன் பார், அங்கே வந்தது வினை. முழம் முப்பது என்றாள் பூக்காரி. இருபத்தைந்து என்றேன். "அஞ்சு ரூவாய மிச்சம் பண்ணி மாடி கட்டப் போறியாக்கா"ன்னு கேட்டாள், கேட்டதோடு விட்டாளா, பக்கத்து வாழையிலைக்காரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கையால் அளக்கிறாயே, உன் முழம் எத்தனை விரற்கடை குறைகிறது காட்டு என்று என் முழங்கையை நீட்டிப் பூவை அளந்து, நாலு விரல் குறைச்சல் என்று ஊருக்கே சத்தம் போட்டு நிரூபித்து, இருபத்தைந்துக்கே வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன். ஜெயித்தேன். செல்வபுரம் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்து இந்த வாசலில் செருப்பைக் கழட்டும்போது பத்து முப்பத்திரண்டு. வீட்டை விற்கிற மருதாசலம், மில்லில் வீவிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயசு, சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார், என் கையிலிருந்த பூவை ஒரு பார்வை பார்த்தார். "உக்காருங் அம்மிணி. இப்பத்தான் புடிச்சுது. பன்னெண்டுக்கு மேல பேசிக்கலாம். அதுக்கு முன்னால ஆரு குடுத்தாலும் கைநீட்டி வாங்கறதில்லீங்" என்றார். ஆரு குடுத்தாலும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். திருப்பூரிலிருந்து ஒருத்தன் காரில் வந்துகொண்டிருக்கிறான். வீட்டைப் பார்க்காமலே எழுபத்தொரு லட்சத்துக்குச் சரி என்று போனிலேயே சொல்லிவிட்டானாம். அவன் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவன், காசை எங்கேயாவது கொட்டி வைக்க இடம் தேடுகிறவன். பன்னிரண்டு அடித்ததும் எவர் தட்டு முதலில் நீளுகிறதோ அவருக்கு. பத்தரைக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் இந்நேரம் முடித்து எழுந்திருப்பேன். அஞ்சு ரூபாய். துளசிமணி, உன் புத்தியைச் செருப்பால் அடி.

சரி, ஆத்திரம் முகத்தில் தெரியக்கூடாது. முகத்தில் எதுவுமே தெரியக்கூடாது, அதுதான் தொழில். பழைய வீடாகப் பார்த்துப் பேசி முடித்து, முன்பணம் கொடுத்து, நூறு நாள் கெடுவுக்கு அக்ரிமெண்ட் போட்டுச் சாவியை வாங்கி, ஒழுகலை அடைத்து, சமையலறையை மாற்றி, வெள்ளையடித்து, அந்த நூறு நாளுக்குள் குடியிருக்க வருகிற ஒருத்தனைப் பிடித்து அவன் பேரில் நேராகப் பத்திரம் பண்ண வைத்துவிட்டு நடுவில் நிற்கிற வித்தியாசத்தோடு நான் இறங்கிக்கொள்வது. பதினாலு வருஷத்தில் பதினோரு வீடு. வீட்டைப் பார்க்கப் போனால் குறைதான் சொல்ல வேண்டும், இது முதல் சட்டம். ஓதம் ஏறியிருக்குதே, படிக்கட்டு தெற்கே பார்த்து ஏறுதே, சந்துல கார் திரும்பாதே. சுவரைத் தடவிப் பார்க்கக்கூடாது, தடவினால் பிடித்துப்போச்சு என்று அர்த்தம், ஐம்பதாயிரம் ஏறும். ஜன்னலோரம் நிற்கக்கூடாது. அப்புறம், விற்கிறவன் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாம், மரியாதை, இரண்டாவது தம்ளர் கேட்கக்கூடாது. கேட்டால் அங்கே உட்கார மனசு வந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடுவான். இதையெல்லாம் எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒவ்வொன்றும் நான் காசு விட்டுக் கற்றது. உட்கார்ந்ததும் மருதாசலம் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வெயிலில் நடந்து வந்தவள், அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன், குடித்தவள் அப்படியே தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். சிக்கந்தர் இதைச் சொல்லவேயில்லை. புரோக்கர் என்று பேர் வைத்துக்கொண்டு கார்ப்பெட் ஏரியாவைச் சொன்னான், வாடகை மதிப்பைச் சொன்னான், குழாயில் என்ன தண்ணீர் என்பதைச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீருக்கு ருசி என்று ஒன்றும் இல்லை, அதுதான் ருசி. ஒண்டிப்புதூர் மில் லைன் வீட்டில் எங்களுக்குச் சப்பைத் தண்ணிதான், போர் தண்ணீர், பருப்பைப் போட்டால் வேகாது, சோப்பைப் போட்டால் நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி நார்நாராக நிற்கும். பள்ளிக்கூடத்தில் டவுன் பிள்ளைகள் இரட்டைச் சடை பளபளவென்று வரும், என் தலையைப் பார்த்தே நான் எந்தப் பக்கத்துக்காரி என்று சொல்லிவிடுவார்கள். அம்மா கோன் வைண்டிங்கில் இரண்டாம் ஷிப்ட் முடித்துத் திரும்பும்போது, மில் கேன்டீனில் அதிகாரிகளுக்கு வைத்திருக்கிற நல்ல தண்ணீரில் ஒரு டப்பா பிடித்து சேலைக்குள் மறைத்துக் கொண்டுவருவாள். அதில் நாங்கள் மூன்று பேர். வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்போம். தம்ளரைக் கீழே வை துளசிமணி, வீட்டுக்காரர் பார்க்கிறார். வைத்தேன். "தண்ணி போதுங்களா, இன்னும் கொண்டாறட்டுங்களா?" என்றார். போதுமுங்க என்றேன். தொண்டை வேண்டும் வேண்டும் என்றது.

அவர் நான் கொடுத்த அக்ரிமெண்ட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து. படிக்கட்டும். விலைக்கு மட்டும் இடம் விட்டு டைப் அடித்த காகிதம், பதினோரு தடவை கையெழுத்தான அதே வாசகம். நான் மேலே பார்த்தேன். மூன்று சென்ட், எண்பத்து நாலில் கட்டியது, தளத்தில் ஒரு விரிசல், அது சுண்ணாம்பு விரிசல்தான், கம்பி வரை போகவில்லை. கதவு தேக்கு. கதவைப் பொறுத்தவரை என்னை எவனும் ஏமாற்ற முடியாது, மில்லை மூடிய பிறகு ஆத்துப்பாலத்துக்குப் பக்கத்தில் இடித்த வீட்டு ஜன்னலும் கதவும் வாங்கி விற்றவள். வீட்டுக்குள் நான் நுழைந்ததே அந்த வழியாகத்தான், கடப்பாரைக்குப் பின்னால். சுவர் விழுந்து கிடக்கும், நிலை மட்டும் நிற்கும், அதில் பென்சிலால் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு கோடாகக் குறித்திருப்பார்கள், நான் அதன் மேலேயே சாக்பீஸால் விலை எழுதுவேன். அப்போதெல்லாம் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றால் மளிகைக் கடைக்காரன் சொல்லி, அயர்ன்காரன் சொல்லி, பத்து நாளில் ஊர்ந்து ஊர்ந்து என் காதுக்கு வரும், போய் மூன்று தடவை கோபித்துக்கொண்டு எழுந்து வந்து நாலாவது தடவை முடிக்கலாம். இப்போது வீட்டுக்காரன் நினைத்து முடிக்குமுன் போனில் போட்டோ போய்விடுகிறது. துபாயிலிருந்து ஒருத்தன் விலை சொல்கிறான். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பையன்கள் நாலு பேர் லேப்டாப்பில் வரைபடம் காட்டுகிறார்கள், சதுர அடி, ரிட்டர்ன், என்னவோ. போன எட்டு மாசத்தில் ஆறு வீடு என் கைக்கு வந்து நழுவிப் போனது. சரவணம்பட்டியில் அட்வான்ஸைத் தட்டில் வைத்து நீட்டின கை நீட்டினபடி இருக்க, அந்தம்மாவுக்குப் போன் வந்தது, மூன்று லட்சம் கூட என்று. தட்டை என் பக்கமே தள்ளினாள். வெற்றிலை மட்டும் எடுத்துக்கொண்டாள், மங்களப் பொருளைத் திருப்பக்கூடாதாம். நான் அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் பேசின பேச்சைத் திருப்பிச் சொல்ல முடியாது.

பதினொன்று அஞ்சு. போன் மடியில் நடுங்கியது. சிக்கந்தர். வாசல் பக்கம் வந்து பேசினேன். "அக்கா, திருப்பூர்க்காரரு சூலூரு தாண்டிட்டாருங்க. நல்ல வேகமா வர்றாரு." உனக்கெப்படிடா தெரியும் என்றேன். "அவருக்கும் நான்தானுங்க்கா புரோக்கரு" என்றான், வெட்கமே இல்லாமல். "டேய், உன்ற காலை ஒடைக்கிறனா இல்லியா பாரு." "ஒடைங்க்கா, ஒரு கால நீங்க ஒடைங்க, ஒரு காலு அவருக்கு இருக்கட்டும். ஆனா ஒன்னு சொல்றேன், மாஸ்டரு குடியிருக்கறவங்களுக்குன்னா மூணு குறைப்பாரு. சம்சாரம் ஓசூர்ல மக வீட்டுலருந்து அழுது சொல்லியிருக்குது, கைமாத்தி விக்கிறவங்களுக்குக் குடுக்காதீங்கன்னு. நீங்க எப்பவும் சொல்றதச் சொல்லுங்க. அறுபத்தெட்டுன்னா உங்களுக்கு மூணு நிக்கும். எழுபத்தொன்னுன்னா செலவும் ஆறுச்சாமி பங்கும் போக உங்களுக்குத் தூசிதான் மிச்சம்." வைத்துவிட்டான். நான் எப்பவும் சொல்வது. குடியிருக்கத்தானுங்க. அதுதான் நான் எப்பவும் சொல்வது. பதினோரு வீட்டிலும் சொன்னேன். மகளுக்கு என்றேன், வயசான காலத்தில் எனக்கு என்றேன், பூஜை அறை எந்த மூலையில் என்று கேட்டேன், துணி காயப்போட வெயில் விழுமா என்று மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். ஒரு வீட்டில் கண்ணே கலங்கிற்று, அவ்வளவு நன்றாகச் சொல்வேன். சொல்லிவிட்டு பஸ்ஸில் வரும்போது சாந்து எத்தனை மூட்டை என்று கணக்குப் போடுவேன். இதில் பாவம் என்ன இருக்கிறது, அவர்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதில்லையா. ஆறுச்சாமிக்கும் இது தெரியும். அவர் ஃபைனான்ஸ் வைத்திருக்கிறார், பணம் அவருடையது, கால் என்னுடையது. பேங்குக்குப் போகாதவளா நான். ஐம்பத்திரண்டு வயசு, சம்பளச் சீட்டு இல்லை, வருமானக் கணக்கு இல்லை, எதிரே உட்கார்ந்திருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள், மேடம் உங்க பேர்ல ஏதாவது சொத்து இருக்கா. பதினோரு வீடு என்று வாய் வரை வந்தது. இல்லை கண்ணு என்றேன்.

இல்லைதான். ஒரு பத்திரத்திலும் என் பேர் கிடையாது. என் பேர் அக்ரிமெண்ட்டில் இருக்கும், நூறு நாள், அப்புறம் அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடுவார்கள். அதில் ஒரு வரி வரும், டைப் அடிக்கிறவனுக்கே மனப்பாடம், கிரயப் பத்திரத்தை என் பெயருக்கோ அல்லது நான் சுட்டிக்காட்டும் நபர் பெயருக்கோ எழுதிக் கொடுக்க வேண்டியது. அந்த அல்லதுவில்தான் நான் பதினாலு வருஷமாகப் பிழைக்கிறேன். பதினோரு தடவை விரலை நீட்டிச் சுட்டிக்காட்டிவிட்டேன், இவர் பெயருக்கு, இவர் பெயருக்கு. சாவியை அவர்கள் கையில் கொடுத்துத் தெருமுனை வரை வந்து திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவேன். பால் காய்ச்சக்கூட நின்றதில்லை. நின்றதில்லை என்ன, எந்த வீட்டிலும் என் கையால் பால் சூடு பண்ணினதேயில்லை. வேலை நடக்கும்போது கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் பின்பக்கம் செங்கல் கூட்டி வரக்காப்பிதான். வீட்டுக்குள் பால் காய்ச்சிவிட்டால் வேறொருத்தி குடிவந்துவிட்ட வீடு ஆகிவிடும், வாங்க வருகிறவள் புது அடுப்பு மேடையைக் காட்டிக் கேட்பாள், இதுல இதுக்கு முன்னால யாராச்சும் பால் காய்ச்சினாங்களா. இல்லம்மா, நீதான் முதல் என்பேன். அது மட்டும் பொய்யில்லை. இருபத்தைந்து வயசில் ஒருத்தி நான் போட்டு முடித்த அடுப்பு மேடையில் புதுப் பாத்திரத்தை வைத்து அது பொங்குகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன், பஸ்ஸில், நினைக்காமலும் இருப்பேன். நான் இருப்பது கணபதியில் ஒரு மாடிப் போர்ஷன், வாடகை. கீழ் வீட்டுக்காரி மோட்டார் போடும்போது மேலே எட்டிப்பார்த்து எத்தனை குடம் என்று எண்ணுவாள். என் மகள் பூங்குழலிக்கு இப்போது ஏழு முடிந்து எட்டாவது மாசம். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்தது. வளைகாப்பு போட்டு அழைத்து வர வேண்டியது நான். போன வாரம் போனில் சொன்னாள், "அம்மா, நீ ஊருக்கெல்லாம் வீடு பாக்கற. நான் வந்தா அந்த மாடிப்படியில குடத்தத் தூக்கீட்டு நீ ஏறறதப் பாத்துட்டுப் படுத்திருக்கணுமா? பேசாம இங்கயே பெத்துக்கறன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் கத்தினேன். என்னடி பேச்சுப் பேசற, உன்ற மாமியார் வீட்டுச் சோறு அப்படிப் பேசச் சொல்லுதா என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு, தாய் வீடு என்று அவள் எதைச் சொல்லுவாள், சின்னப் பிள்ளையிலிருந்து எட்டு வீடு மாறியிருக்கிறோம், எந்தப் படியை நினைத்துக்கொள்வாள், என்று யோசித்து யோசித்து அது ஒரு இடத்தில் போய் மாட்டிக்கொண்டது, ரவிக்கைக் கொக்கியில் நூல் மாட்டினதுபோல, இழுத்தால் கிழியும், விட்டால் உறுத்தும்.

பதினொன்று இருபது. மருதாசலம் காகிதத்தை மடித்து மேசை மேல் வைத்து அதன் மேல் கண்ணாடியை வைத்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டார். "அட, வெத்தல வாங்கி வெக்கோணும்னு காத்தால இருந்து நெனச்சுட்டே இருந்தனுங். அவ இருந்தா இதெல்லாம் அவளே பாத்துக்குவா." எங்கிட்ட பூ இருக்குதுங்க, வெத்தல நான் ஓடி வாங்கீட்டு வந்தர்றனுங்க என்றேன். "வாங்கறவங்க வெத்தல வாங்கக்கூடாதுங், அது நாம வெக்கறது. நீங்க இருங். முக்குக் கடைதான், சித்த நேரத்துல வந்தர்றன்." சட்டையை மாட்டினார், பீரோவை ஒரு இழுப்பு இழுத்துப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார், சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார், நான் பார்க்கிறேன் என்பது தெரிந்து, "பழக்கமுங்" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். நான் தனியாக இருந்தேன். ஒரு வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் அவையெல்லாம் காலி செய்த வீடு, எதிரொலிக்கும், ஆணி மட்டும் இருக்கும். இதில் உப்பு ஜாடி இருக்கிறது. கொடியில் துண்டு காய்கிறது. சமையலறை ஜன்னலில் ஒரு துளி வெயில் அரிசி முறத்தின் மேல் விழுந்திருக்கிறது, பன்னிரண்டு மணிக்கு அது அடுப்பு மேடைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன், ஏன் நினைத்தேன், அந்த மேடையை நான்தானே இடிக்கப் போகிறேன், கறுப்புக் கிரானைட் போட்டு மேலே அலமாரி வைத்தால் அந்த ஜன்னல் பாதி மறைந்துவிடும், வாங்க வருகிறவர்களுக்கு அலமாரிதான் வேண்டும், வெயில் வேண்டாம். சமையலறையை ஒட்டின அந்த அறையில் ஒரு கட்டில் போடலாம், சுவரோரமாக, காற்று வரும். குளியலறை கீழேயே இருக்கிறது, படி ஏற வேண்டாம். வெந்நீர் அண்டாவைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளலாம். யாருக்கு, எதற்கு, என்ன அண்டா. சூலூர் தாண்டினவன் இந்நேரம் சிங்காநல்லூரில் இருப்பான். சிங்காநல்லூர் சிக்னல் அவனைப் பிடிக்கட்டும், லாரி ஏதாவது குறுக்கே நிற்கட்டும், வேறு ஒன்றும் ஆக வேண்டாம், டயர் பஞ்சர் மட்டும். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் இருமல்போல. பிறகு ஊஷ் என்று காற்று. பின்பக்கத்துத் தொட்டிக்குழாய். நான் எழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது குழாயடியில் இருக்கிறேன், முந்தானையை இடுப்பில் சொருகியிருக்கிறேன், முதலில் வருகிற செம்மண் கலங்கலை விட்டுவிட்டு, தெளிந்ததும் குடத்தைக் கழுவி நேராக வைத்து, ஒன்று நிறையும்போது அடுத்ததைத் தேய்த்து, மூன்று குடம், இரண்டு தவலை, ஒரு வாளி, அடுப்படியில் இருந்த குண்டா, அவர் குளிக்கிற அண்டா, இனி எது, சொம்பு, அந்த எவர்சில்வர் தம்ளர்கூட. கை நனைந்தது, முழங்கை நனைந்தது, முகத்தில் அறைந்துகொண்டேன், பின்னங்கழுத்தில் ஊற்றிக்கொண்டேன், ஐம்பத்திரண்டு வயசில் ஒருத்தி ஊரார் வீட்டுக் குழாயடியில் அப்படி நிற்கலாமா. நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். எத்தனை நிமிஷம் வரும் என்று தெரியாது. பிடித்து வைக்காவிட்டால் போச்சு. அது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. அட்வான்ஸ் பணம் இருந்த பையை முன்னறையில் கதவைத் திறந்து போட்டு வந்திருக்கிறேன் என்பது ஒன்பதாவது பாத்திரத்தில்தான் ஞாபகம் வந்தது.

திரும்பினால் மருதாசலம் பின்வாசல் படியில் நிற்கிறார், கையில் வெற்றிலைப் பொட்டலம். எவ்வளவு நேரமாக நின்றாரோ. வரிசையாக நிறைந்து நிற்கிற குடத்தைப் பார்த்தார், எண்ணினார் என்று நினைக்கிறேன். முந்தானையை இறக்கிவிட்டுக்கொண்டேன். என் தொழிலே போச்சு, சுவரைத் தடவினால் ஐம்பதாயிரம், தண்ணீர் பிடித்ததற்கு எவ்வளவு. "தண்ணி வந்துச்சுங்க, மாஸ்டர், வீணாப் போகுமேன்னு" என்றேன், அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் முன்னறைக்குப் போய்த் தட்டை எடுத்துத் துடைத்தார். வெற்றிலையைக் காம்பு கிள்ளி அடுக்கினார். கடிகாரம் பதினொன்று ஐம்பது. வெளியே சந்து முனையில் ஒரு கார் ஹாரன் அடித்தது, உள்ளே நுழையப் பார்க்கிறது, நான்தான் எப்போதும் குறை சொல்வேனே சந்தில் கார் திரும்பாது என்று, திரும்பாதே, திரும்பாதே. போன் நடுங்கியது, சிக்கந்தர், எடுக்கவில்லை. "அம்மிணி" என்றார் மருதாசலம். அக்ரிமெண்ட்டை எடுத்து விரித்து ஒரு இடத்தில் விரலை வைத்தார். "மில்லுல பதினாலு போனஸ் அக்ரிமெண்ட்டு படிச்சவன் நான். எங்க அல்லதுன்னு வருதோ அங்கதான் ஏமாத்து இருக்கும். எங்க யூனியன்ல இதுக்குன்னே என்னயக் கூட்டிட்டுப் போவாங்க. இந்த அல்லதுவ இப்பவே பேனாவுல அடிச்சர்றீங்களா? பத்திரம் உங்க பேருக்கு மட்டும். குடியிருக்கத்தான வாங்கறீங்க? தண்ணி புடிச்சதப் பாத்தாலே தெரியுது. அடிச்சீங்கன்னா அறுபத்தெட்டு. கார்ல வர்றவரு வந்த வழியே போகட்டும்."

குடியிருக்கத்தானுங்க. அவ்வளவுதான், ஒரு வார்த்தை, பதினோரு தடவை சொன்ன வாய். அல்லதுவை அடித்துவிட்டுப் பின்னால் வேறொரு காகிதத்தில் வேறொரு வழி பண்ணிக்கொள்ளலாம், ஆயிரம் வழி எனக்குத் தெரியும், பவர் பத்திரம் வாங்கலாம், ஓசூருக்குப் போய்க் கண்ணீர் விடலாம். வாயைத் திறந்தேன். நாக்கில் இன்னும் அந்தத் தண்ணீர் இருந்தது. அந்த அறையில் கட்டில் கிடந்தது, பூங்குழலி ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வெயில் அடுப்பு மேடைக்கு வந்திருந்தது, இதையெல்லாம் நான் சொல்லிவிட்டால் அது நான் பதினோரு பேரிடம் விற்ற சரக்காகிவிடும். எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதையும் மூன்று லட்சத்துக்கா. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, அவர் மேல்தான், எதற்குக் கேட்கிறார் இந்த மனுஷன். "குடியிருக்க இல்லீங்க" என்றேன், கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். "விக்கத்தான் வாங்கறன். எம்பேர்ல வாங்கப் பணமில்ல, எந்த பேங்கும் தராது. என்ற தொழிலே அந்த அல்லதுதான். அடிக்க முடியாதுங்க. எழுபத்தொன்னே எழுதிக்கங்க." கார்க் கதவு சாத்துகிற சத்தம். மருதாசலம் என்னைப் பார்த்தார், பின்கட்டில் நிறைந்து நிற்கிற குடங்கள் இருந்த பக்கம் பார்த்தார். "அப்பறம் எதுக்கும்மிணி இத்தனையும் ரொப்புனீங்க?"  "விலையில நான் ஒன்னும் பேசுலீங்க" என்றேன், "ஆனா நூறு நாள் பத்தாது. இருநூறு நாள் கெடு போடுங்க." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருநூறா? நாளுக்கு ஆராச்சும் பேரம் பேசுவாங்களா? நூறுன்னு நீங்கதான் டைப் அடிச்சுக் கொண்டாந்தீங்." "நூத்தி எண்பது." "நூத்தி இருபது. எனக்கும் ஓசூர்ல பணம் வேணுமுங்." "நூத்தி அறுபது போடுங்க, மகளுக்குப் பேறுகாலமுங்க, வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி இங்க கூட்டியாந்து" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர் பேனாவை எடுத்தார். நூறு என்பதை அடித்தார். நூற்று நாற்பது என்று எழுத்தால் எழுதி, பக்கத்தில் எண்ணாலும் எழுதி, மில்லில் எழுதுவதுபோலச் சின்னக் கையெழுத்துப் போட்டார். விலைக்கு விட்டிருந்த இடத்தில் எழுபத்தொன்று. கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. வாசலில் ஒரு நிழல், "சார், மருதாசலம் சார் வீடுங்களா?" என்ற குரல். பன்னிரண்டாவது அடி விழும்போது என் தட்டு அவர் கையில் இருந்தது, நாலு விரல் குறைச்சலான பூ மேலே. கையெழுத்துப் போடும்போது அந்த வரியைப் பார்த்தேன். என் பெயருக்கோ அல்லது. அல்லதுவுக்கு முன்னால்தான் என் பெயர் இருக்கிறது, பதினாலு வருஷமாக நான் அதைக் கவனித்ததில்லை. ஆறுச்சாமி நூறு நாளுக்கு மேல் ஒரு நாள் பொறுக்க மாட்டார், குதிப்பார், குதிக்கட்டும், சண்டைக்கு நான் என்றைக்குப் பயந்தேன். நூற்று நாற்பது நாள். நாலு நாளைக்கு ஒரு தடவை. முப்பத்தைந்து தடவை வரும். "மாஸ்டர்" என்றேன், திருப்பூர்க்காரன் செருப்பைக் கழட்டுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான், "இன்னொரு தம்ளர் தண்ணி குடுங்க."